இடது பாதி

முடிவு வந்தபோது பாஹிமா திரையைப் பார்க்கவில்லை. பர்சானாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"பாஹிமாவுது தேறிட்டு" என்று வல்லிநாயகம் சார் சொன்ன கணத்தில் அவள் கண்கள் தாமாகவே பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டன. பர்சானாவின் கீழுதடு ஒருமுறை பல்லுக்குள் போய் வெளியே வந்தது. அவ்வளவுதான். அடுத்த கணம் அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து பாஹிமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மைனி, எனக்கு அப்பமே தெரியும். நீங்கதான்னு உம்மாட்டகூடச் சொன்னேன்."

"போடி, நீ வேற."

பாஹிமா சிரித்தாள். உண்மையான சிரிப்புதான். ஆனால் அது வெற்றிக்கு வந்த சிரிப்பா, அந்த உதட்டுக்கு வந்த சிரிப்பா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. உதடு உள்ளே போய் வந்ததை அவள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

தென்காசியில் குற்றாலம் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். வல்லிநாயகம் பாதி ஆயுளை வெளிநாட்டு ஆலைகளில் கழித்துவிட்டு, இனி சொந்த ஊரிலிருந்துதான் வேலை பார்ப்பேன் என்று கம்பெனியிடம் அடம்பிடித்து வாங்கிய இடம் அது. அங்கே இருந்தவர்கள் ஹார்டு டிஸ்க்குகளுக்கு ஹெட் வடிவமைத்தார்கள். ஹார்டு டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின்மேல், அதைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடுகிற நெருக்கத்தில் மிதந்தபடி காந்தத்தால் எழுதிக்கொண்டே போகும் துணுக்குதான் ஹெட். எள்ளைவிடச் சிறியது. அதில் எழுதுகிற முனை கண்ணுக்கே தெரியாது. அந்த முனை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது பாஹிமாவின் வேலை. பர்சானாவின் வேலையும் அதுவே.

மாமியார் சைதூன் பீவி இதை அக்கம்பக்கத்தில் இப்படிச் சொல்லி வைத்திருந்தாள்: "எம் மருமவளும் மவளும் கம்ப்யூட்டருக்கு ஊசி செய்யுதாளுவ. கண்ணுக்குத் தெரியாத ஊசி. தெரியாதத எப்பிடிச் செய்யுதாளுவன்னு மட்டும் கேக்காதிய."

பர்சானா ரபீக்கின் தங்கை. ரபீக் பாஹிமாவின் கணவன், ஷார்ஜாவில் இருந்தான். பர்சானாவை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே பாஹிமாதான். "எங்க வீட்டுப் பொண்ணு சார், கெட்டிக்காரி" என்று வல்லிநாயகத்திடம் அவளே சொன்னாள். சொன்னது பலித்ததுதான் வினை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாஹிமா சொல்லிக் கொடுத்தாள், பர்சானா கேட்டுக்கொண்டாள். முனை பலமாக எழுத வேண்டும். ஆனால் பக்கத்துத் தடத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதைக் கெடுத்துவிடக் கூடாது. பலத்தைக் கூட்டினால் பக்கம் அழியும். பக்கத்தைக் காப்பாற்றினால் பலம் குறையும். இந்த இழுபறியில்தான் இத்தனை பேருடைய பிழைப்பும் நடக்கிறது. பாஹிமா இதை ஒரு பகல் முழுக்க விளக்கினாள். மறுவாரம் மதியச் சாப்பாட்டின்போது, பர்சானா தயிர்ச் சோற்றை ஒரு கையால் பிசைந்துகொண்டே இன்னொரு கையில் பென்சிலை எடுத்து, முனையைச் சுற்றி இருக்கும் காப்புச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் படி வரைந்தாள். "இங்கன ரெண்டு தோள் மாதிரி வெச்சா என்ன மைனி? பக்கத்துல சிந்துறத அது பிடிச்சுக்கிடும்லா?"

பாஹிமா பல வாரமாகக் கணினியில் கணக்கை ஓடவிட்டுத் தேடிக்கொண்டிருந்தது அந்த மாதிரி ஒன்றைத்தான்.

அன்றைக்கு அவளுக்குள் ஏதோ ஒன்று கண் திறந்தது. சத்தம் போடாத ஜந்து. பர்சானா பேசினால் அது காதை நிமிர்த்தும். வல்லிநாயகம் பர்சானாவின் மேஜைப் பக்கம் போய் நின்றால், அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்கும். பர்சானா ஏதாவது தப்பு செய்தால் மட்டும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளும். இது இருப்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே பாஹிமா பர்சானாவிடம் முன்னைவிட அன்பாக நடந்துகொண்டாள். அவளுக்குச் சுடிதார் எடுத்துக் கொடுத்தாள், ஸ்கூட்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள், மீன் பொரித்தால் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தாள். ஊரார் பார்வைக்கு இப்படி ஒரு மைனியும் நாத்தனாரும் கிடையாது.

இந்தத் தடவை இருவருடைய வடிவங்களும் ஒரே வேஃபரில் போயிருந்தன. வேஃபர் என்பது சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத் தகடு. ஆலையில் அதன்மேல் அடுக்கடுக்காக உலோகத்தைப் படிய வைத்து, கடைசியில் அறுத்து, ஆயிரக்கணக்கான ஹெட்டுகளாக்குவார்கள். உள்ளே போனது வெளியே வர ஒரு போகம் நெல் விளைகிற காலமாவது ஆகும். தனித்தனி வேஃபர் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்று ஆளுக்குப் பாதி கொடுத்திருந்தார்கள். இடது பாதி நன்றாக வரும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அதற்குக் காரணம் கிடையாது, பல்லி விழும் பலன் மாதிரிதான். "மைனி மூத்தவ, மைனிக்கு இடது" என்று பர்சானாவே விட்டுக் கொடுத்திருந்தாள். அப்படி விட்டுக் கொடுத்ததும் பாஹிமாவுக்குத் தைத்தது. எடுத்துக்கொள்கிற சந்தோஷத்தைக்கூட அந்தப் பெண் மிச்சம் வைக்கவில்லையே!

ஜெயித்தவர் வடிவம் அடுத்த டிஸ்க்கில் ஏறும். காப்புரிமையில் முதல் பெயர் அவருடையது. அது உருவாகிற ஆறு மாதமும் ஆலைக்கே போய் உடனிருக்கலாம். இதுவரை கணக்காகவும் கோடாகவும் மட்டுமே பார்த்ததை, வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு நேரில் பார்க்கலாம். தென்காசியிலிருந்து யாரும் போனதில்லை. பாஹிமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட்டார்கள். நிக்காஹ் தேதி குறுக்கே வந்தது. அடுத்த தடவைக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இப்போது கிடைத்துவிட்டது.

*

வெற்றிச் செய்தி வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு உருவம் எடுத்தது.

சைதூன் பீவி மருமகளின் கன்னத்தைத் தடவி, "மாஷா அல்லாஹ், நல்லாரு" என்றாள். சொல்லிவிட்டு நேராக மகளிடம் போனாள். "ஏட்டி, சாப்பிட்டியா? மொகம் ஏன் இப்பிடிச் சுண்டிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல உம்மா."

"ஒண்ணுமில்லாமத்தான் இப்பிடி இருக்கியா? இரி, ஒனக்கு வட்டலப்பம் வெக்கேன்."

வட்டலப்பம் பர்சானாவுக்குப் பிடித்தது. பாஹிமாவுக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்தாலே ஆகாது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் நினைவு வரவில்லை. ரபீக் வீடியோவில் வந்தான். "சூப்பர்ப்பா! எனக்குத் தெரியும் நீ ஜெயிப்பேன்னு. சரி, பர்சானா எப்பிடி இருக்கா? அழுதாளா? போன அவட்ட குடு."

"மச்சான், ஜெயிச்சது நான்."

"அதான் சொல்லிட்டேம்லா. நீ பெரியவ, தாங்கிக்கிடுவ. அது சின்னப் புள்ள."

பாஹிமா போனைக் கொடுத்தாள். அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் சிரிக்கிற சத்தம். ஜெயித்தவளைப் பாராட்டினார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டின் மனசு முழுக்கத் தோற்றவளின் பக்கம் சரிந்து கிடந்தது. தோல்வியிலும் அவளே வாங்கிக்கொண்டு போகிறாளே என்று பாஹிமா நினைத்தாள். நினைத்ததும் கூசியது. கூசினாலும் நினைப்பு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. சாரல் முகத்தில் அடித்தபடியே இருக்க, மங்குஸ்தான் கூடைகளுக்கும் பஜ்ஜிச் சட்டிகளுக்கும் நடுவே பெண்கள் வரிசை நெளிந்து நெளிந்து நின்றது. சைதூன் பீவி மூட்டுவலியைச் சொல்லிக்கொண்டு வந்தவள், தண்ணீரைக் கண்டதும் இரண்டு பேரையும் தள்ளிவிட்டு முன்னால் போனாள். பாறையோரம் நின்ற ஒரு பெண், "ஆச்சி, மெள்ள, அருவி எங்கயும் ஓடிராது" என்றாள்.

"அது ஓடாது தாயி, நான்தான் ஓடிப்போயிருவேன், வயசாயிட்டு" என்று சைதூன் பீவி தலையைக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

குளித்து முடித்துத் தலையைத் துவட்டும்போது பர்சானா பக்கத்தில் வந்து நின்றாள். நனைந்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"மைனி, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டியளே?"

"கேளு."

"உங்களோடது ஏன் ஜெயிச்சுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. உங்க முனை சரிவு ரொம்பச் செங்குத்தா இருக்கு. பலம் வரும், சரி. ஆனா பக்கத்துத் தடம் அழிஞ்சுருக்கணும். அழியலியே! ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தேன். வரமாட்டேங்கு."

பாஹிமாவுக்குள் இதமாக ஒரு சூடு பரவியது. பொறாமை! கடைசியில் இவளுக்கும் வந்துவிட்டது. தான் மட்டும் இத்தனை நாள் தனியாகச் சுமந்தது இப்போது அந்தப் பக்கமும் போய்விட்டது. நோயாளிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆள் வந்து சேர்ந்த மாதிரி ஒரு ஆறுதல்.

"கணக்கு வேற, செய்யிற பொருள் வேற பர்சானா" என்றாள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே. "அனுபவத்துல வரும்."

"அப்பிடியா இருக்கும்" என்றாள் பர்சானா. ஆனால் அவள் கண் எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

*

மறுநாள் காலை ஆலையிலிருந்து படம் வந்தது.

ஜெயித்த வடிவத்தில் ஒரு ஹெட்டை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள். வடிவமைத்தவருக்கு மட்டும் வரும். அவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். அது ஒரு மரியாதை. பிரசவ அறையில் முதலில் தாயிடம் காட்டுவதைப் போல என்று வல்லிநாயகம் சொல்வார். வல்லிநாயகம் அன்று திருநெல்வேலி போயிருந்தார். பர்சானா இன்னும் வந்து சேரவில்லை. சைதூன் பீவியின் மூட்டு அருவியில் குளித்த சந்தோஷத்துக்கு வட்டி வசூலித்துக்கொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் தேய்த்துவிட்டு பஸ்ஸில் வருவதாகப் பர்சானா சொல்லியிருந்தாள்.

பாஹிமா படத்தைத் திறந்தாள்.

சாம்பல் நிறத்தில், தலைகீழாக நிற்கும் கூம்பைப் போல முனை. அதைச் சுற்றிக் காப்புச் சுவர். சுவரில் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் படி.

தோள்.

அவள் வடிவத்தில் தோள் கிடையாது. அவள் சுவர் நேராக இறங்கும். பர்சானாவின் பென்சில் கோட்டை அவள் எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். தன் முகத்தைவிட அதைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். வலது தோள் இடதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும். அது கணக்குக்காகப் பர்சானா வைத்தது. இங்கேயும் தாழ்ந்திருந்தது.

காரணம் விளங்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. வேஃபரின் விளிம்பில் அடையாளத்துக்கு ஒரு சின்ன வெட்டு இருக்கும். பழைய ஆலையில் அந்த வெட்டை மேலே வைத்து இடம் வலம் சொல்வார்கள். இப்போது செய்கிற ஆலையில் வெட்டு கீழே. எந்தப் பாதியில் யாருடைய ஹெட்டுகள் இருக்கின்றன என்று சோதிப்பவர்களுக்கு வரைந்து கொடுத்தது பாஹிமா. கை பழைய பழக்கத்தில் வெட்டை மேலே வைத்து வரைந்திருக்கிறது. தட்டைத் தலைகீழாகத் திருப்பினால் இடது வலதாகிவிடும். ஆலை சரியாகத்தான் செய்தது, சோதித்தவர்களும் சரியாகத்தான் அளந்தார்கள். பெயர் மட்டும் மாறிப்போயிற்று.

இப்படி வரைந்ததை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பர்சானா கேட்கவும் கேட்டாள். "மைனி, ஒரு தடவ பாத்துத் தரட்டா?" அன்று காலையில்தான் வல்லிநாயகம் எல்லோர் முன்னாலும் பர்சானாவைப் புகழ்ந்திருந்தார். "ஏன், எனக்கு இடது வலது தெரியாதுன்னா?" என்று கேட்டு, அந்தச் சூட்டோடு அனுப்பிவிட்டாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தோற்ற வடிவத்தின் சோதனைப் படத்தை அவள் வாரக் கடைசி முழுக்கத் திறந்து திறந்து பார்த்திருந்தாள். நடுத்தடத்தில் எழுத எழுத இரண்டு பக்கத்துத் தடங்களும் கரைந்து போகிற படம். எவ்வளவு மோசம், பக்கத்தில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே என்று ரகசியமாக ரசித்திருந்தாள். ரசித்தது தன்னுடையதை.

அவள் அழவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனம் வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தது. அது அவ்வளவு வேகமாகத் தொடங்கியதுதான் பின்னாளில் அவளை அதிகம் பயமுறுத்தியது.

உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த வேஃபர் அவள் வடிவத்தில் உருவாகி, ஊரறியத் தோற்கும். ஆனால் ஜெயித்தவர் ஆலைக்கு அனுப்பும் முன் சிறு திருத்தம் செய்துகொள்ளலாம். எல்லோரும் செய்வதுதான். காப்புச் சுவரில் இரண்டு சின்னப் படி. திருத்தம் என்று ஒரு வரி. ஆலையிலிருந்து வந்த படத்தோடு வடிவம் ஒத்துப்போய்விடும். யாருக்கும் சந்தேகம் வராது. தோள் வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டு வருடம் முன்பு தனக்கே தோன்றவிருந்ததுதானே, பர்சானா முந்திக்கொண்டாள் என்பதைத் தவிர?

தனக்கே தோன்றவிருந்தது. அந்த வாக்கியத்தை அவள் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அதில் ஒரு நியாயம் ஏறியது.

மூன்று நாள் அவள் அதை வரைந்தாள். பர்சானா எழுந்து போகும்போது வரைவாள், வந்து உட்கார்ந்ததும் மூடுவாள். படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. வீட்டில் பர்சானாவுக்குத் தோசை வார்த்துப் போட்டாள். மாமியாரின் மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்தாள். "ஏம்மா, ஜெயிச்சவ இப்பிடி வாடிப் போயிருக்கியே, கண்ணு பட்டுட்டோ?" என்று சைதூன் பீவி மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி அடுப்பங்கரை முழுக்க அடித்தது. நெடி அடித்தால் கண்ணேறு இல்லை என்பார்கள். பாஹிமா இருமிக்கொண்டே நின்றாள்.

*

வியாழக்கிழமை மதியம் அவள் வலது தோளை ஒரு மயிரிழை தாழ்த்திக்கொண்டிருந்தாள். பர்சானா டீ வாங்கப் போயிருந்தாள். கடையில் கூட்டமில்லை போலிருக்கிறது. சீக்கிரம் வந்துவிட்டாள். இரண்டு கையிலும் டம்ளரோடு பின்னால் நின்றவளின் மூச்சு கழுத்தில் பட்ட பிறகுதான் பாஹிமாவுக்குத் தெரிந்தது.

மூட நேரமில்லை.

"மைனி," என்றாள் பர்சானா. "இது என் தோள்லா?"

பாஹிமாவின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது.

"என் தோள்தான்! வலதுகூட எறக்கியிருக்கிய பாருங்க!" டம்ளர்களை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் குரலில் இருந்தது மகிழ்ச்சி. கலப்படம் இல்லாத மகிழ்ச்சி. "அப்பம் உங்களுக்குப் பிடிச்சுதான் இருந்துருக்கு. நான் என்னமோ நீங்க இதை ஒரு பொருட்டாவே நெனக்கலன்னு இருந்தேன்."

"சும்மா... போட்டுப் பாத்தேன்."

"சும்மா ஏன்? போடுங்க மைனி. என்னோடதுதான் தோத்துட்டே, அது எங்கயோ கெடந்து மக்கறதுக்கு உங்களோடதுல இருந்துட்டுப் போட்டும். பேரெல்லாம் போடணும்னு இல்ல. எடுத்துக்கிடுங்க."

எடுத்துக்கிடுங்க.

பாஹிமா திரும்பி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் தேடினாள். குத்தல் உண்டா, பெருமை உண்டா, கொடுக்கிறவளின் சின்னத் திமிராவது உண்டா என்று. எதுவும் கிடைக்கவில்லை. டீ ஆறிவிடுமே என்கிற கவலைதான் கொஞ்சம் தெரிந்தது.

திருடியிருந்தால் தாங்கியிருப்பாள். மூன்று நாளாகத் தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இவள் கொடுத்து, தான் வாங்கிக்கொண்டு, ஆலைக்குப் போய் ஆறு மாதம் இவள் தர்மத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதா? இடது பாதியைக் கொடுத்தாள். இப்போது இதையும் கொடுக்கிறாள். ஆயுள் முழுக்க அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். அந்தப் புண்ணியத்தை மட்டும் இவளுக்கு விட்டுக் கொடுக்க முடியாது. பாஹிமாவுக்குள் இருந்த ஜந்து எழுந்து நின்றது. இத்தனை நாள் வாயை மூடச் சொன்னதும் அதுதான். இப்போது வாயைத் திறக்கச் சொன்னதும் அதேதான்.

"ஏட்டி, நீ தோக்கல" என்றாள்.

"ம்?"

"தோத்தது நான். வேஃபர நான் தலைகீழா வரைஞ்சுட்டேன். வெட்ட மேல வெச்சு. ஜெயிச்சது உன் பாதி."

பர்சானா சிரித்தாள். மைனி விளையாடுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பாஹிமா ஆலையிலிருந்து வந்த படத்தைத் திறந்து காட்டினாள். பர்சானா அதைப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வடிந்தது. குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். படத்தின் மூலையில் தேதி இருந்தது. அவள் கண் அங்கே போய் நின்றதை பாஹிமா பார்த்தாள்.

"திங்கக்கெழமையே வந்துட்டு."

"ஆமா."

"மூணு நாளா என் பக்கத்துல உக்காந்து என் தோள வரைஞ்சிருக்கிய."

பாஹிமா படத்தை மூடினாள்.

"நான் இப்பம் எடுத்துக்கிடுங்கன்னு சொல்லலைன்னா?" பர்சானாவின் குரல் உயரவில்லை. "பாத்துட்டுச் சண்ட போட்டிருந்தா? இல்ல, பாக்காமலே போயிருந்தா? சொல்லிருப்பியளா மைனி?"

பாஹிமா அந்தக் கேள்விக்கு உள்ளே போய்த் தேடினாள். நேர்மையாகவே தேடினாள். 'சொல்லியிருப்பேன்' என்ற வார்த்தை எங்கேயாவது கிடக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள். இல்லை.

"தெரியல" என்றாள்.

"எனக்குத் தெரியுது" என்றாள் பர்சானா. அவள் முகம் கறுத்துவிட்டது. பாஹிமா அந்த முகத்தை இதுவரை பார்த்ததில்லை. அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் இறுகி நின்ற, கொஞ்சமும் அழகில்லாத முகம். "ஒங்கள மாதிரி ஆகணும்னுதான் மைனி நான் இந்த வேலைக்கே வந்தேன்."

டீ இரண்டும் அப்படியே ஆறிக் கிடந்தன. பாஹிமா எழுந்து வல்லிநாயகத்தின் அறைக்குப் போனாள். அவரிடம் சொன்னாள். தலைகீழாக வரைந்ததைச் சொன்னாள், இன்னொருவர் பார்வைக்குக் கொடுக்காததைச் சொன்னாள், படம் திங்கட்கிழமையே வந்ததையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தலைகீழா வெச்சது பெரிய விஷயமில்லம்மா. நானே வெச்சிருக்கேன். மத்தத நான் மேல சொல்ல வேண்டாம்னு பாக்கேன். ஆனா நீ இனிமே தனியா எதையும் அனுப்பாத."

அவள் தலையை ஆட்டினாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

*

ஆலையில் மறுபாதியிலிருந்து ஒரு ஹெட்டை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அடுத்த வாரக் கூட்டத்தில் பர்சானா தன் வடிவத்தை விளக்க வேண்டியிருந்தது. திரையில் ஆலைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தது. தென்காசி அறையில் நீளமேஜையின் ஒரு கோடியில் பர்சானா, மறுகோடியில் பாஹிமா. இடையில் இருந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. இப்போதெல்லாம் பர்சானா பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனாள். வீட்டில் கேட்டதற்கு, ஸ்கூட்டியில் முதுகு வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். நடந்ததை உம்மாவிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும் சொல்லவில்லை. அதுவும் ஒரு கொடைதான். ஆனால் இந்தத் தடவை அதில் பிரியம் இல்லை என்பது பாஹிமாவுக்குத் தெரிந்தது.

பர்சானா பேசினாள். முதலில் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு சரியாக வந்துவிட்டது. ஆலையிலிருந்து ஒருவர் குறுக்கே கேட்டார். தோளுக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இன்னும் குறைந்தால் என்ன ஆகும்? எந்த இடத்தில் பலம் விழத் தொடங்கும்?

பாஹிமாவுக்கு அதன் பதில் தெரியும். மூன்று நாள் அந்தத் தோளைத் திருட்டுத்தனமாக வரைந்தபோது, ஒவ்வொரு இடைவெளியாக வைத்துக் கணக்கை ஓடவிட்டு அவள் பார்த்திருந்தாள். அந்த எண் அவள் நாக்கு நுனியில் இருந்தது.

இப்படி யாராவது கேள்வி கேட்டால் பர்சானா வாயைத் திறக்கும் முன் ஒரு தடவை பாஹிமாவைப் பார்ப்பாள். சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். 'சொல்லட்டா மைனி?' என்பதுபோல ஒரு பார்வை. தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்கிறாள், என்னைச் சீண்டிப் பார்க்கிறாள் என்றுதான் பாஹிமா இரண்டு வருடமாக அதற்குப் பொருள் செய்து வந்தாள். ஒவ்வொரு பார்வைக்கும் உள்ளே ஒரு முள் நட்டு வைத்தாள்.

இப்போது பாஹிமா பர்சானா இருந்த கோடியைப் பார்த்தபடி அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தாள்.

பர்சானா திரும்பவில்லை. முன்னால் இருந்த தாளைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். ஒரு கையால் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். "அது எனக்கு இன்னும் தெரியாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

நாக்கு நுனியில் இருந்த எண்ணை பாஹிமா விழுங்கிக்கொண்டாள்.